பொதுப் பாடத்தைச் சட்டமன்றம் எழுதலாமா? அமெரிக்க மாநிலங்கள் பிடித்திருக்கும் வழிகள்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குக் 'கோர்' என்றால் சொந்தத் துறைப் பாடம். மெக்கானிக்கல் முடித்தவன் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தால், "கோர்ல வேலை கிடைக்கலையா தம்பி?" என்றுதான் கல்யாண வீட்டில் கேட்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் அதே சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள். என்ன மேஜர் எடுத்தாலும் எல்லாரும் படித்தே ஆக வேண்டிய பொதுப் பாடத் தொகுப்புதான் அங்கே கோர். நம் ஊர் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளவில் அதைவிடப் பெரிது.

என் மகள் டெக்ஸஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுப் படிப்புள்ள, கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி) சேர்ந்த புதிதில் இந்தக் குழப்பத்தோடுதான் நான் அவள் பாடப் பட்டியலைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவளுக்கு அமெரிக்க வரலாறு இரண்டு பாடம், அரசாங்கம் இரண்டு பாடம், அதில் ஒன்று முழுக்க டெக்ஸஸ் மாநில அரசைப் பற்றி. "இதெல்லாம் எதுக்கும்மா, எலெக்டிவ்தானே, மாத்திக்க முடியாதா?" என்று கேட்டேன். "அப்பா, அது காலேஜ் ரூல் இல்ல, ஸ்டேட் லா" என்றாள். ஒரு கல்லூரி மாணவி எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று சட்டமன்றம் உட்கார்ந்து தீர்மானிக்குமா என்று அன்று ஆச்சரியப்பட்டவன்தான், அப்புறம் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கடந்த சில ஆண்டுகளில் ஃபுளோரிடா, ஒஹாயோ, யூட்டா என்று வரிசையாக மாநிலங்கள் இதில் இறங்கியிருப்பதால், எந்த வழி தேவலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்க இப்போது நிறைய விஷயம் கையில் இருக்கிறது.

சட்டமே வேண்டாம், கல்லூரியே பார்த்துக்கொள்ளட்டும் என்பது முதல் வழி. பேராசிரியர்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். பெயர்பெற்ற பொதுப் பாடத் திட்டங்கள் சட்டத்தால் வந்தவை இல்லை என்பதும் உண்மை. கொலம்பியா பல்கலைக்கழகம் 1919-ல் தொடங்கிய அதன் கோர் இன்றும் ஓடுகிறது, அது தனியார் நிறுவனம், எந்தச் சட்டமன்றமும் அதைக் கேட்கவில்லை. மாநிலச் சட்டம் இல்லையென்றால் பொதுப் பாடமே இருக்காது என்று பயப்படவும் வேண்டாம். அங்கீகாரம் தரும் அமைப்புகள் ஒரு குறைந்தபட்சம் கேட்கின்றன. தென் மாநிலங்களில் நெடுங்காலம் கோலோச்சிய அமைப்பு இளங்கலைப் பட்டத்துக்கு 30 செமஸ்டர் கிரெடிட் பொதுப் பாடம் இருந்தாக வேண்டும் என்கிறது.

ஆனால் கல்லூரி 'பார்த்துக்கொள்வது' எப்படி என்று உள்ளே போய்ப் பார்த்தால் அவ்வளவு அழகாக இல்லை. பல இடங்களில் பொதுப் பாடம் என்பது ஓட்டல் மெனு கார்டு போலத்தான்: மனிதவியலில் (இலக்கியம், தத்துவம் மாதிரி) இந்த நாற்பதில் இரண்டு, சமூக அறிவியலில் இந்த ஐம்பதில் இரண்டு என்று பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்குக் கொள்கை மட்டும் காரணம் இல்லை. மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பல இடங்களில் துறைக்குப் பணமும் ஆசிரியர் இடமும் வருகிறது. தன் பாடம் மெனுவில் இருந்தால் துறைக்கு ஆள் வரும், இல்லையென்றால் வராது, ஆகவே கமிட்டியில் உட்காரும் எந்தத் துறையும் தன் பாடத்தை விட்டுக்கொடுக்காது, உன்னுடையதை நான் தொடமாட்டேன், என்னுடையதை நீ தொடாதே என்பதுதான் எழுதாத ஒப்பந்தம். கடைசியில் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பேராசிரியர்களின் கல்விச் சுதந்திரம் என்று பேசும்போது இந்த வீட்டுக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லை டிரான்ஸ்ஃபர். என் நண்பர் மகன் வேறு ஒரு மாநிலத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு இங்கே வந்தான். பெயர் வேண்டாம், ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அவன் கணினித் திரையில் பட்டப் படிப்பு நிலவரத்தைத் திறந்து காட்டினான். முடித்த பாடங்கள் பச்சை, பாக்கி உள்ளவை சிவப்பு. அவன் முன்பு படித்த 'அமெரிக்க நாகரிகம்' என்ற மூன்று கிரெடிட் பாடம் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் கடைசிப் பக்கத்தில், 'பொது எலெக்டிவ்' என்ற தலைப்புக்குக் கீழே. மேலே வரலாற்றுக் கட்டம் அப்படியே சிவப்பு. வந்து சேர்ந்ததே ஒழிய எதற்கும் உதவவில்லை. அட்வைசரிடம் பாடத்திட்டத்தை அனுப்பி, பதில் வர மூன்று வாரம், வந்த பதில் 'பொருந்தவில்லை'. ஒரு பாடத்துக்கான கட்டணமும் ஒரு கோடை விடுமுறையும் போயிற்று. மாநிலத்துக்குள்ளேயே ஒவ்வொரு கல்லூரியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டால் இதே கதைதான் நடக்கும், அதுவும் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கும் பிள்ளைகளுக்கு. காசை மிச்சம் பிடிக்கத்தானே அங்கே போகிறார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் இரண்டாவது வழி: சட்டம் சட்டகத்தை மட்டும் போடுவது. இதற்கு டெக்ஸஸ் நல்ல உதாரணம். 1997-ல் சட்டமன்றம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி அரசுக் கல்லூரிகளில் 42 கிரெடிட் கோர். எழுத்தும் பேச்சும் 6, கணிதம் 3, அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6, சமூக அறிவியல் 3, மீதி 6 கல்லூரி விருப்பம். இளங்கலைக்கு மொத்தம் 120 கிரெடிட் என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எண்களைவிட முக்கியம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் உத்தரவாதம். ஒரு கல்லூரியில் 42-ஐயும் முடித்துவிட்டால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை மொத்தமாக ஏற்றுத் தன் கோருக்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் பாடமாகத் தோண்டித் துருவக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் 'கோர் முடிந்தது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பாட எண்களும் பொது: வரலாறு 1301 என்றால் ஹூஸ்டனிலும் அதுதான், எல் பாஸோவிலும் அதுதான்.

அந்தச் சட்டகத்துக்குள் எந்தப் புத்தகம், எந்தப் பாடம் என்பதைக் கல்லூரி முன்வைக்கிறது, மாநில உயர்கல்வி வாரியம் பார்த்து ஒப்புக்கொள்கிறது. சட்டமன்றம் கூட்டல் கழித்தலோடு நின்றுகொள்கிறது.

"இன்ஜினியரிங் பிள்ளைகள் பாவம் இல்லையா, இத்தனை பொதுப் பாடத்துக்கு எங்கே போவார்கள்" என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறியியல் அங்கீகார அமைப்பான ஏபெட் கேட்பது பொறியியல் பாடம் குறைந்தது 45 கிரெடிட், கணிதமும் அடிப்படை அறிவியலும் 30. இதோடு கோர் 42, மொத்தம் 117. ஆனால் கோரில் உள்ள கணிதம் 3, அறிவியல் 6 இரண்டு பக்கமும் எண்ணப்படும், ஆகவே 108. 120-ல் 12 மிச்சம். மூச்சு முட்டும், ஆனால் சாகமாட்டார்கள். நிஜத்தில் பொறியியல் துறைகள் 45-ஓடு நிற்பதில்லை என்பதால் அந்த 12-ம் காணாமல் போய்விடும், அது வேறு விஷயம். கவனிக்க வேண்டிய ஒரு ஓட்டையும் உண்டு. உத்தரவாதம் கோருக்கு மட்டும்தான். கோர் கணிதத்துக்குச் சாதாரண அல்ஜீப்ரா எடுத்தவன் பொறியியலுக்கு மாறினால் கால்குலஸ் எடுத்தே ஆக வேண்டும், கோர் முடிந்தது என்று சான்றிதழைக் காட்டிப் பயனில்லை.

கலிஃபோர்னியாவும் தாமதமாக இதே பாதைக்கு வந்தது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு பட்டியல், யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா என்ற யூ.சி.க்குப் போக இன்னொரு பட்டியல் என்று இருந்ததை 2021-ல் வந்த ஏ.பி. 928 என்ற சட்டம் ஒன்றாக்கச் சொன்னது. 34 யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) கொண்ட அந்த ஒற்றைப் பட்டியல் 2025 இலையுதிர் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. இதிலும் சட்டம் சொன்னது 'ஒன்றாக்குங்கள், யூனிட்டைக் கூட்டாதீர்கள்' என்ற அளவுதான். உள்ளே என்ன என்பதை மூன்று அமைப்புகளின் ஆசிரியர் பேரவைகளும் உட்கார்ந்து பேசின.

மூன்றாவது வழி, குறிப்பிட்ட ஒரு பாடத்தைச் சட்டமே கட்டாயமாக்குவது. டெக்ஸஸ் கோரில் வரலாறும் அரசாங்கமும் ஆறு ஆறு கிரெடிட் எடுத்துக்கொண்டது இப்படித்தான், அந்த இரண்டும் கல்விச் சட்டத்திலேயே தனித்தனிப் பிரிவாக இருக்கின்றன. வரலாற்றின் ஆறில் மூன்றை டெக்ஸஸ் வரலாறாகக்கூட எடுத்துக்கொள்ளலாம், பெருமை அப்படி. தெற்குக் கரோலினாவில் 1924-லேயே அரசியல் சாசனத்தை ஒரு வருடம் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அது பல ஆண்டுகள் ஒழுங்காக அமலாகாமலே ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்தது. 2021-ல் ரீச் சட்டம் வந்து அதை மூன்று கிரெடிட் பாடமாக மாற்றி, சாசனம், சுதந்திரப் பிரகடனம், அடிமை விடுதலைப் பிரகடனம், சாசனத்தை ஆதரித்து அந்தக் காலத்தில் எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் குறைந்தது ஐந்து, கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு அடிப்படையான ஒரு ஆவணம் என்று வாசிப்பையும் குறிப்பிட்டது. ஒஹாயோ 2025-ல் எஸ்.பி. 1 என்ற சட்டத்தில் கிட்டத்தட்ட இதே பட்டியலைப் போட்டு, லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை, மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், ஆடம் ஸ்மித்தின் எழுத்து எல்லாம் சேர்த்தது.

பட்டியலில் இருப்பவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சிறையிலிருந்து எழுதிய அந்தக் கடிதத்தை யாராவது ஒருவர் படிக்காமல் பட்டம் வாங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். என் பிரச்சினை அந்தப் பட்டியல் உட்கார்ந்திருக்கும் இடம். ஆசிரியர் கையில் இருந்தால் அடுத்த செமஸ்டரில் மாற்றலாம், வாரியத்தின் விதியில் இருந்தால் சில மாதத்தில் மாற்றலாம், சட்டத்தில் இருந்தால் சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும். டெக்ஸஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள். ஒரு பாடத்தில் தப்பு என்று தெரிந்து, அதைத் திருத்த இரண்டு ஆண்டு காத்திருந்து, அந்த 140 நாளில் பட்ஜெட்டுக்கும் சொத்து வரிக்கும் நடுவே ஒரு உறுப்பினரைப் பிடித்து... நடக்கிற காரியமா சொல்லுங்கள்.

இது வலதுசாரிகள் மட்டும் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் கலிஃபோர்னியாவைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் வாரியம் 2020 ஜூலையில் இனவியலும் (அமெரிக்கச் சிறுபான்மை இனங்களின் வரலாறு, வாழ்வு பற்றிய படிப்பு) சமூக நீதியும் சேர்ந்த ஒரு தேவையைத் தானே கொண்டுவந்தது, அதை நிறைவேற்றப் பல வகைப் பாடங்கள் இருந்தன. அது போதாது என்று அடுத்த மாதமே ஏ.பி. 1460 சட்டமாயிற்று: மூன்று யூனிட், இனவியல் துறைப் பாடம்தான், வேறு எதையும் அதற்கு ஈடாகக் காட்ட முடியாது. பாடத்திட்டத்துக்குள் சட்டமன்றம் கைவைக்கிறது என்று பல்கலைக்கழக நிர்வாகமே எதிர்த்தது. ஒஹாயோவில் இன்று பேராசிரியர்கள் சொல்லும் அதே வாதம். நாலரை லட்சம் மாணவர்கள் படிக்கும் அமைப்பில் ஒரு பாடம் என்றால் எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை என்று யோசியுங்கள். இதில் வேடிக்கை, இந்தச் சட்டம் யூ.சி.யைத் தொடவில்லை, தொடவும் முடியாது. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் அடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசியல் சாசனமே தன்னாட்சி கொடுத்திருக்கிறது. வசதியான பிள்ளைகள் அதிகம் போகும் இடத்துக்கு இல்லாத கட்டாயம், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் இடத்துக்கு. இதை யாரும் பெரிதாகப் பேசிக் கேட்கவில்லை.

நாலாவது வழி விலக்குவது. ஃபுளோரிடாவின் 2023-ஆம் ஆண்டு எஸ்.பி. 266 கோர் பாடங்களில் என்ன இருக்கக் கூடாது என்று எழுதியது: அடையாள அரசியல் கூடாது, முக்கியமான வரலாற்று நிகழ்வுகளைத் திரிக்கக் கூடாது, அமெரிக்க அமைப்புகளிலேயே இனவெறி ஊறியிருக்கிறது என்ற கோட்பாட்டின் மேல் பாடம் அமையக் கூடாது. 2024 ஜனவரியில் அங்குள்ள பல்கலைக்கழகங்களின் ஆளுநர் குழு, சமூகவியல் அறிமுகப் பாடத்தைக் கோரிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அமெரிக்க வரலாற்றுப் பாடத்தை வைத்தது. சமூகவியல் தடை செய்யப்படவில்லை, எலெக்டிவ் ஆக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன மெனு கணக்கை நினைத்துப் பாருங்கள். கோரில் எண்ணப்படாத அறிமுகப் பாடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், ஆள் வராத துறைக்கு அடுத்த ஆசிரியர் இடம் எப்படிக் கிடைக்கும்? தடை என்ற சொல்லே தேவைப்படவில்லை. ஐந்து வழியில் எனக்கு மிகவும் பிடிக்காதது இதுதான், காரணம் அரசியல்கூட இல்லை. 'திரிக்கக் கூடாது' என்பதை அளக்க எந்த அளவுகோலும் கிடையாது. 42 கிரெடிட் இருக்கிறதா என்றால் எண்ணிச் சொல்லிவிடலாம், ஒரு பாடம் திரிக்கிறதா என்றால் அந்த வருடம் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் சொல்வதுதான் பதில். பயந்த துறைத் தலைவர் கேட்கும் முன்பே பாடத்தை மாற்றிவிடுவார்.

ஐந்தாவது, யூட்டா வழி. முழுப் பொதுப் பாடத்தையும் நடத்தப் புதிய அமைப்பையே சட்டம் போட்டு உண்டாக்குவது. 2023-ல் சில கொள்கை அமைப்புகள் சேர்ந்து ஒரு மாதிரி மசோதா எழுதின, பல்கலைக்கழகத்துக்குள் பொதுக் கல்விக்கென்று தனிப் பள்ளி, அதற்குத் தனி டீன், 42 கிரெடிட். யூட்டாவில் 2024-ல் அதை ஒட்டி வந்த மசோதா நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு எஸ்.பி. 334 நிறைவேறியது, ஆனால் நிறைய மாறி: யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மட்டும் குடிமைச் சிறப்புக்கான ஒரு மையம், மூல நூல்களை வைத்து மூன்று மனிதவியல் பாடம், அமெரிக்கக் குடிமைப் பாடம் ஒன்று. மூல நூல்கள் பெரும்பாலும் மேற்கத்திய மரபிலிருந்து. 'பெரும்பாலும்' என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் சண்டை முழுக்க. மாணவர் என்ற இடத்தில் நின்று பார்த்தால் இதில் கவர்ச்சி உண்டு, மெனு கார்டு கிடையாது, எல்லாரும் ஒரே நூலைப் படிப்பார்கள், விடுதியில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடலாம். ஒரு வளாகத்தில் முதலில் செய்து பார்ப்பது என்ற அளவிலும் புத்திசாலித்தனம். ஆனால் இது பணத்தைத் தின்னும், ஏற்கெனவே இருக்கும் துறைகளைக் காயவிடும், இரண்டு வருடத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் இப்போதைக்குத் தள்ளி நின்று பார்ப்பேன்.

சரி, எது என்று கேட்டால் என் ஓட்டு இரண்டாவதுக்கு, மூன்றாவதில் ஒரு துளி சேர்த்து. எத்தனை கிரெடிட், எந்தெந்தப் பகுதி, டிரான்ஸ்ஃபருக்கு என்ன உத்தரவாதம், இவற்றைச் சட்டம் சொல்லட்டும். வரிப்பணம் கொடுக்கும் மாநிலம் 'அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று ஒரு பாடமாவது படி' என்று கேட்பதும் நியாயமான ஆசைதான். என்ன நூல், எத்தனை கட்டுரை என்பதை வகுப்பில் நிற்பவர் முடிவு செய்யட்டும். டெக்ஸஸே இந்த நிலையில் நிற்குமா தெரியாது, 2025-ல் வந்த எஸ்.பி. 37 ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொதுப் பாடத்தை அலசும் பொறுப்பை ஆளுநர் நியமிக்கும் நிர்வாகக் குழுக்கள் கையில் கொடுத்திருக்கிறது. சட்டகத்தைப் போட்டவர்கள் மெல்ல உள்ளேயும் கை நீட்டுகிறார்கள்.

உங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு மசோதா வந்தால், தலைப்பில் இருக்கும் 'சிறப்பு', 'சுதந்திரம்' மாதிரிச் சொற்களைத் தாண்டிப் போய் மூன்று இடத்தைத் தேடுங்கள். வேறு அரசுக் கல்லூரி இதை ஏற்றே ஆக வேண்டும் என்ற வரி இருக்கிறதா, பாடப் பட்டியலை மாற்றும் அதிகாரம் யாரிடம், கூடுதல் ஆசிரியர்களுக்குப் பணம் எந்தப் பிரிவில் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் இருக்கிற ஆசிரியர் தலையில்தான் விடியும், நூறு பேர் உட்காரும் வகுப்பு இருநூறு ஆகும்.

அந்த டெக்ஸஸ் அரசாங்கப் பாடத்தை என் மகள் கோடையில் ஆன்லைனில் எடுத்து முடித்தாள். முதல் வார வேலை, வீட்டு முகவரியைப் போட்டு உங்கள் மாநிலப் பிரதிநிதி யார் என்று கண்டுபிடிப்பது. சமையலறையில் நின்றுகொண்டிருந்த என்னிடம் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன். மூன்றாவது வாரம், 1876-ல் நடைமுறைக்கு வந்த டெக்ஸஸ் சாசனத்தை இதுவரை 500 தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தேவையில்லாத பாடம் என்று இன்னமும்தான் சொல்கிறாள், ஆனால் நவம்பரில் என்னென்ன திருத்தம் ஓட்டுக்கு வருகிறது என்பதை எங்கள் வீட்டில் அவள்தான் படித்துச் சொல்கிறாள்.